மாப்பிள்ளை கொஞ்சம் டல்லு

1

இந்தக் கதை என் மூளையில் உதித்தது அல்ல. கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக் கடையில் இருமல் மருந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடி அலமாரிக்குப் பின்னாலிருந்து என் காதில் வந்து விழுந்தது. (மேடையில் கேட்டால் வேறு மாதிரி சொல்வேன். ‘நெடுநாள் நெஞ்சில் கனன்ற ஒரு படிமம்’ என்பேன். உங்களிடம் எதற்கு அந்த வேஷம்? இருமல் மருந்துதான்.)

அலமாரிக்குப் பின்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மற்றவள் கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி, மாப்ள எப்டி?”

“டல்லுடி.”

“கலரா?”

“கலருக்கு இன்னா, நல்லாத்தான் இருக்காரு. ஆளு டல்லு.”

“பேசவே இல்லியா?”

“பேசனாரு. சொட்டுநீர் டியூபு அடைச்சிக்கறத பத்தி.”

“வேற?”

“அத தொறக்கறத பத்தி.”

கேட்டவள் சிரித்த சிரிப்பில் அடுக்கிய அட்டைகள் சரிந்தன. எனக்கு இருமல் நின்றுவிட்டது. அப்படியொரு பரபரப்பு. எங்கோ ஒரு மனிதன் இந்த நேரத்தில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டோ டீ குடித்துக்கொண்டோ இருப்பான். அவன் வாழ்க்கையை இங்கே ஒருத்தி இரண்டே எழுத்தில் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டாள். அதுவும் இங்கிலீஷ் வார்த்தையில்! யார் அவன்? அப்படி என்னதான் பேசித் தொலைத்தான்? மருந்தை வாங்காமலே வந்துவிட்டேன். கதை கிடைத்துவிட்டதே.

2

கதைக்குள் போவதற்கு முன் அந்த வார்த்தையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம்.

மந்தம், மங்கல், சோர்வு, சலிப்பு, சாரமின்மை என்று தமிழில் ஒரு கூடை நிறைய உண்டு. ஆனால் இவற்றில் எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி வரும். ‘மாப்பிள்ளை மந்தம்’ என்று சொன்னால் ‘எவ்வளவு மந்தம்? யார் சொன்னது? டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறதா?’ என்று பஞ்சாயத்துக் கூடிவிடும். ‘டல்’ என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. சொன்னவருக்கும் பொறுப்பில்லை, கேட்டவருக்கும் கோபமில்லை. இதற்காகவே கடல் தாண்டி வந்த வார்த்தை மாதிரி இருக்கிறது.

எங்கள் பக்கம் அது எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். பல்பு டல். மக்காச்சோள மார்க்கெட் டல். துவைத்த சட்டை டல். ஆடி மாதம் முழுக்கவே டல். கன்றுக்குட்டி டல்லாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு இட்டுப் போகலாம். மாப்பிள்ளை டல்லாக இருந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு இட்டுப் போவது?*

* இந்தக் கேள்விக்கு வடக்கனந்தலில் ஒரு குடும்பம் பதில் கண்டுபிடித்தது. ஐந்தாம் பகுதியில் வருகிறது. கட்டணம் தனி.

3

கதாநாயகன் டல் என்பது ஊருக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் கதைத் தொடக்கம் டல்லாக இருக்கக் கூடாதே. மூன்று முறை முயன்றேன். மறைக்கவில்லை, இதோ.

‘கல்வராயன் மலையின் கொண்டை ஊசி வளைவில் புல்லட்டில் சீறிப் பாய்ந்தான் அய்யப்பன். எதிரே, மரங்களைப் பிளந்துகொண்டு ஒரு கரடி—’

[அவனிடம் புல்லட் இல்லை. பால் கேன் மாட்டிய மொபெட். கரடி வந்தால் ஓரங்கட்டி, இண்டிகேட்டர் போட்டு, கரடி சாலையைக் கடந்து முடிக்கும்வரை காத்திருப்பான்.]

‘அய்யப்பனின் கண்களில் அணையாத நெருப்பு ஒன்று—’

[நெருப்பு இல்லை. சோளத் தூசி.]

‘அய்யப்பன் ரொம்ப நல்ல—’

[வேண்டாம். நல்லவன் என்று தொடங்கினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். நானாக இருந்தாலும் புரட்டுவேன்.]

சரி, உள்ளதையே சொல்லிவிடுகிறேன். அய்யப்பன் வடக்கனந்தல்காரன். முப்பதைத் தாண்டியவன். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மக்காச்சோளம். அப்பா இல்லை, அம்மா ராணியம்மாள். இது பாதி அய்யப்பன். மீதிப் பாதி கொளஞ்சியப்பன் மைக்செட் கடையில் இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் யாராவது இறந்துபோனால், ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டித் தெருத்தெருவாக அறிவிப்பார்கள். இன்னாரின் மகனும், இன்னாரின் மாமனாரும், இன்னாரின் தகப்பனாருமாகிய இன்னார் இயற்கை எய்தினார், அன்னாரின் இறுதி ஊர்வலம் மாலையில் புறப்படும், உற்றார் உறவினர் நண்பர்கள் கலந்துகொள்ளும்படி... கேட்டிருப்பீர்கள். வழக்கமாகச் சொல்கிறவருக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொள்ள, கரும்புக் கட்டுக்குக் கயிறு வாங்கக் கடைத்தெருவுக்கு வந்த அய்யப்பனைக் கொளஞ்சியப்பன் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. ஏரித் தண்ணீர் மாதிரி சமமாக நிற்கும் குரல். செத்தவர் வீட்டுக்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. “அழுவாம சொல்றான்பா. அழுவறதுக்குத்தான் நாங்க இருக்கமே” என்றார்கள்.

அன்றிலிருந்து அந்த வட்டாரத்துச் சாவுக்கெல்லாம் அய்யப்பன்தான் குரல். மலையடிவாரம் வரைக்கும் ஆட்டோ போகும். குழாயில் அவன் தொண்டையைச் செருமினால் போதும்: மிக்சி நிற்கும், டிவி நிற்கும், ஆண்கள் தோளிலிருந்து துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். ஜன்னலிலிருந்து ஒரு குரல் கேட்கும்: “யாரு பூட்டாங்க?”

இவனுக்குத்தான் பெண் பார்க்கப் போனார்கள்.

4

பெண் களமருதூர். அப்பா ராமசாமி நெல் விவசாயி, கொஞ்சம் கரும்பும் உண்டு. தம்பி பாரதி ஊர்க் கபடி டீமில் பெரிய ஆள். பெண் தேவிப்ரியா மருந்தாளுநர் படிப்பு முடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சியில் வேலை பார்க்கிறாள். (ஆம், அலமாரிக்குப் பின்னால் பில் போட்டவள். அட்டை அடுக்கியவள் சங்கவி. மேலே வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கிற பெண். இனி இரண்டு பேரையும் மறக்காதீர்கள்.)

காபி குடித்து முடித்ததும் ராமசாமி சொன்னார்: “ரெண்டு பேரும் மாடில போயி பத்து நிமிசம் பேசிக்கட்டும். இப்பல்லாம் அதான் மொற.”

தேவிப்ரியா முன்னால் படியேறினாள். பின்னால் ஏறிய அய்யப்பனுக்குள் என்ன நடந்தது என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் அவன் முகத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியாது. பகலெல்லாம் காத்துக் கிடந்த வயலில் திடீரென்று மூணு ஃபேஸ் கரண்டு வந்தால் என்ன ஆகும்? கொட்டகைக்குள் மோட்டார் ஒரு உறுமு உறுமும், குழாய் நடுங்கும், தண்ணீர் வாய்க்காலை முட்டிக்கொண்டு வரும். அதுதான் நடந்தது. அவ்வளவும் கொட்டகைக்குள். வெளியே கதவு சாத்தியிருந்தது.

“வெய்யிலா இருக்குதா உங்களுக்கு?” என்றாள்.

“வெய்யிலுதாங்க.”

“சினிமா பாப்பீங்களா?”

“பாப்பங்க.”

“எந்த மாதிரி படம்?”

“போட்ட படம்ங்க.”

“கோவம் வருமா?”

“வந்தா சொல்றங்க.”

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாள். அய்யப்பன் அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நிழல் பக்கம் நகர்ந்து இடம் விட்டான். அங்கேதான் அது கிடந்தது: ராமசாமியின் பழைய சொட்டுநீர் டியூப், கறுப்புச் சுருள், கிழிந்த மஞ்சள் தாவணித் துண்டால் கட்டி மூலையில் போட்டிருந்தார்கள். அவன் எடுத்து ஒரு முனையில் வாயை வைத்து ஊதினான். காற்று போகவில்லை.

“அடைச்சிக்கினு இருக்குதுங்க. போர் தண்ணில உப்பு ஜாஸ்தி. இத அப்டியே தூக்கிப் போட்டுடாதீங்க. ஆசிட்டு கம்மியா கலந்து வுட்டு, ஒரு ராத்திரி ஊறவெச்சி...”

மீதிப் பத்து நிமிடமும் ஆசிட்டு.

[இந்த இடத்தில் அவனை அடித்துத் திருத்தலாமா என்று பார்த்தேன். ‘உங்கள் கண்கள்’ என்று ஒரு வாக்கியத்தை அவன் வாயில் வைத்தேன். துப்பிவிட்டான். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, இவனை வைத்து ஒரு கதையை ஓட்ட முடியுமா?]

5

தரகர் சேதி கொண்டுவந்தார். “பொண்ணு, மாப்ள கொஞ்சம் டல்லுன்னு சொல்லுச்சாம். ஆனா அவங்கப்பா இன்னும் முடிவா ஒண்ணும் சொல்லல. பொங்கலுக்கு உங்க ஊர்ல கபடி இருக்குதே, பாரதி ஆட்றான், குடும்பத்தோட வராங்க. அன்னிக்கி நேர்ல சொல்லிட்றேன்னாரு.”

ராணியம்மாள் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை; அவர் அய்யப்பனுக்கு அம்மா அல்லவா. வெற்றிலையை மடித்தபடி கேட்டார். “டல்லுன்னா இன்னாடா, சரி பண்றாப்ல வியாதியா?”

“தெரிலம்மா.”

“உனுக்கு அந்தப் பொண்ண புடிச்சிருக்குதா?”

“புடிச்சிருக்குது.”

“அத அங்க சொன்னியா?”

“கேக்கலியே.”

ராணியம்மாள் வெற்றிலையை அப்படியே கீழே வைத்தார். “எழுந்து வாடா” என்றார்.

போனது தமிழழகனிடம். இவரை அறிமுகப்படுத்த என் வாய் போதாது, அவருடைய ஃப்ளெக்ஸ் பேனரைத்தான் கூப்பிட வேண்டும்: ‘வர்ணனை வேந்தர், சொற்சூறாவளி, ஆளுமைப் பயிற்றுநர், முனைவர் (மதிப்புறு)’. படத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஒரு சிங்கத்தின்மேல் கை வைத்திருப்பார். சுற்றுவட்டாரக் கபடிக்கெல்லாம் மைக்கில் வர்ணனை இவர்தான். விளையாட்டு இல்லாத நாள்களில் ஆளுமைப் பயிற்சி.

“தம்பி, உன் குரல்ல தீ இல்ல” என்றார். “என்னைப் பார். ஒரு பையன் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டுறான். நான் இன்னா சொல்லுவேன்? ‘இதோ! மண்ணை வணங்குகிறது ஒரு மாவீரம்!’ எங்க, நீ சொல்லு.”

“லேஸ் கட்றாரு.”

“மாவீரம்!”

“மாவீரரு லேஸ் கட்றாரு.”

தமிழழகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன் வாழ்க்கையிலயே உன்னை ரொம்பக் கொந்தளிக்க வெச்சது எது? அதைச் சொல்லு!”

அய்யப்பன் நேர்மையாக யோசித்தான். மாடிப்படி ஞாபகத்துக்கு வந்தது. மோட்டார் உறுமியது. “களமருதூர் போனதுங்க” என்றான், ஏரித் தண்ணீர்க் குரலில்.

“களமருதூர்ல கொந்தளிக்கிறதுக்கு இன்னா இருக்குது?” என்றார் வேந்தர்.

பயிற்சி மூன்றாவது வகுப்போடு நின்றது. கட்டணம் திருப்பித் தரப்படவில்லை.

6

பொங்கல் முடிந்த மறுநாள், வடக்கனந்தல் மைதானம். எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. இனி அடைப்புக்குறிகளை முடிந்தவரை கம்மி பண்ணிக்கொள்கிறேன்.

மாலை வெயிலில் புழுதி தங்கமாகப் பறக்கிறது. (‘தங்கமாக’ தமிழழகனிடமிருந்து ஒட்டிக்கொண்டது. மன்னிக்கவும். புழுதி புழுதியாகத்தான் பறந்தது.) மூலைக்கு ஒன்றாக நான்கு குழாய் ஸ்பீக்கர். இறுதி ஆட்டம்: களமருதூருக்கும் வெள்ளிமலைக்கும். களமருதூர்ப் பக்கம் ராமசாமி குடும்பம், நடுவில் தேவிப்ரியா. எதிர்ப் பக்கம் மலையிலிருந்து வேன் வேனாக இறங்கி வந்த கூட்டம், அதில் சங்கவி. வெள்ளிமலை கேப்டன் முருகவேல் அவளுக்கு மாமன் மகன்.

ஆடுகளத்தின் எல்லைக் கோட்டை ஒட்டி மைக் மேஜை. மேஜையில் தமிழழகன். மேஜையின் ஓரத்தில் அய்யப்பன். அவனுக்குக் கொளஞ்சியப்பன் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று.

“டே அய்யப்பா, கோட்டு ஓரமா போவுது பாரு வயரு, அதுல ஒரு ஜாயிண்ட்டு லூசு. எவனாச்சும் மிதிச்சான்னா குழாயில கொர்ர்னு கத்தும். கண்ண எடுக்காம பாத்துக்கினு இரு.”

சொல்லி வாய் மூடவில்லை, சுண்டல்காரர் ஒருவர் குறுக்கே போனார். நான்கு ஸ்பீக்கரும் ‘கொர்ர்ர்’ என்றன. அய்யப்பன் அவரைத் தள்ளி நடக்கச் சொல்லிவிட்டு வயரையே பார்த்தபடி உட்கார்ந்தான். மைதானத்தில் ஆயிரம் கண்கள் ஆட்டத்தைப் பார்த்தன. இரண்டு கண்கள் வயரைப் பார்த்தன. அவ்வப்போது ஒருமுறை மட்டும் அந்த இரண்டும் களமருதூர்ப் பக்கம் போய், நடுவில் ஒரு நொடி நின்று, திரும்பி வந்தன.

ஆட்டம் சமம். கடைசிப் பாட்டு. ‘கபடி கபடி’ என்று பாரதி பாடிப் போகிறான்.

“எழுந்தது எரிமலை!” என்கிறார் தமிழழகன். “நடுங்குது நாடு! தொடுவானா? படுவானா?”

பாரதி இடப்பக்கம் பாய்கிறான், வெட்டுகிறான், கோட்டு ஓரமாகவே வழுக்கிப் போகிறான், முருகவேலின் தொடைக்குக் கை நீட்டுகிறான். கூட்டம் போடுகிற சத்தத்தில் குழாய் எங்கோ ‘கொர்ர்’ என்கிறது. பாரதி திரும்பி நடுக்கோட்டில் வந்து விழுகிறான்.

“தொட்டன்!”

“கோட்டத் தாண்டி வந்து தொட்டா தொட்டதா?” என்று முருகவேல் கத்துகிறான்.

“யாரு தாண்டனது? நீ பாத்தியா?”

நடுவர் கோட்டு நடுவரைப் பார்த்தார். கோட்டு நடுவர் வானத்தைப் பார்த்தார். அவரும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், காலை அல்ல. இரண்டு பக்கமும் எழுந்தது. அந்த நேரத்தில் மைக்கைக் கையில் வைத்திருக்கிற ஒரு மனிதர் என்ன செய்ய வேண்டும்? நம் வேந்தர் இதைச் செய்தார்:

“மருத மண்ணின் மானம் ஒருபுறம்! மலை மண்ணின் குமுறல் மறுபுறம்! பொறுப்பதா? பொங்குவதா?”

பொங்கினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் தலைக்கு மேலே எழுந்தன. யாரோ பாரதியின் சட்டையைப் பிடித்தார்கள், யாரோ முருகவேலைத் தள்ளினார்கள். தேவிப்ரியா தம்பியை நோக்கி ஓடினாள். சங்கவி தேவிப்ரியாவை நோக்கி ஓடினாள். ஒரு நாற்காலி காற்றில் சுழன்றுகொண்டு மைக் மேஜையை நோக்கி வந்தது.

சொற்சூறாவளி மைக்கை அய்யப்பன் மடியில் போட்டுவிட்டு மேஜைக்குக் கீழே புகுந்தது.

“டே, எதனா பேசுடா!” என்றது அங்கிருந்து.

7

அய்யப்பன் எழுந்தான்.

அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும். பாரதியின் குதிகால் வயர்மேல் விழுந்ததைப் பார்த்தவன் அவன். வயர் கோட்டுக்கு வெளியே. கை தொடைக்குப் போனது அதற்குப் பிறகு.

சொன்னால் களமருதூர் தோற்கும். தோற்கப்போவது அவளுடைய தம்பி. இன்று மாலை ராமசாமி சேதி சொல்வதாக இருக்கிறது. சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாது. யாரும் அவனைக் கேட்கப்போவதில்லை. வயர் காவலுக்கு உட்கார்ந்தவனிடம் தீர்ப்பு கேட்கிற ஊர் எது?

கொட்டகைக்குள் மோட்டார் அலறியது. தேவிப்ரியா கூட்டத்துக்கு நடுவே தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே ஒரு நாற்காலி.

அய்யப்பன் தொண்டையைச் செருமினான்.

“ஓர் அறிவிப்பு.”

வாசகரே, நான் மிகைப்படுத்துகிறவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை மிகைப்படுத்தவில்லை. மைதானம் நின்றது. நாற்காலியை ஓங்கியவர் மெதுவாக அதைக் கீழே வைத்தார். சட்டையைப் பிடித்திருந்த கை விட்டது. உள்ளூர்க்காரர்கள் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்தார்கள். சந்தைக்கு இறங்கி இறங்கி அந்தக் குரலைப் பழகியிருந்த மலைக்காரர்களும் எடுத்தார்கள். களமருதூர்க்காரர்களுக்கு விஷயம் தெரியாது. எல்லாரும் எடுக்கிறார்களே என்று அவர்களும் எடுத்தார்கள். டீக்கடை அடுப்பைக்கூட யாரோ தணித்தார்கள்.

“யாரு பூட்டாங்கபா?” என்று ஒரு பெரியவர் மெல்லக் கேட்டார்.

அய்யப்பனுக்கு மைக்கில் ஒரே ஒரு மாதிரிதான் பேசத் தெரியும். அந்த மாதிரியிலேயே பேசினான்.

“களமருதூரைச் சேர்ந்த திரு. ராமசாமி அவர்களின் மகனும், கள்ளக்குறிச்சி மருந்துக் கடையில் பணிபுரியும் செல்வி தேவிப்ரியா அவர்களின் தம்பியுமாகிய பாரதி அவர்கள், இன்று மாலை, முருகவேல் அவர்களைத் தொடுவதற்கு முன்பாகவே எங்களது மைக் வயரை மிதித்துவிட்டார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னார் மிதித்தபோது கொர்ர் என்ற சத்தம் வந்ததை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். வயர் கோட்டுக்கு வெளியே உள்ளது. நன்றி.”

துண்டுகள் கையிலேயே இருந்தன.

“அப்ப யாரும் சாவலியா?” என்றார் பெரியவர்.

முதலில் சிரித்தது முருகவேல். அவன் சிரிப்பு பாரதியின் சட்டையைப் பிடித்தவனைத் தொற்றியது. அங்கிருந்து மைதானம் முழுக்க. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி துக்கத்திலும் பாதி சிரிப்பிலும் அத்தனை பேர் குலுங்கியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நடுவர் வயருக்குப் போய் அந்த ஜாயிண்டை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். ‘கொர்ர்ர்.’ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாரதி முறைத்துக்கொண்டே நின்றான். அப்புறம் தன் குதிகாலைத் தூக்கிப் பார்த்தான்.

வெள்ளிமலை ஒரு புள்ளியில் ஜெயித்தது.

பாரதியைத் தவிர, சிரிக்காதவர்கள் மூன்று பேர். ஒருவர் ராமசாமி. ஒருவன் அய்யப்பன்; தான் என்ன செய்தோம் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. சாவு அறிவிப்பில் உறவுமுறையெல்லாம் வரிசையாகச் சொல்லித்தான் பெயருக்கு வர வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரை, வேலை பார்க்கும் இடத்தோடு, நான்கு குழாயில் கோமுகி ஆற்றங்கரை வரைக்கும் கேட்கச் சொல்லியாகிவிட்டது.

மூன்றாவது ஆள் தேவிப்ரியா. அவள் மைக் மேஜையை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

8

என்னிடம் முடிவுகள் இருக்கின்றன. பஞ்சமே இல்லை.

அ. அவள் வந்து, கண்கள் பனிக்க, ‘நீங்கள் டல் இல்லை’ என்கிறாள். பின்னணியில் நாதஸ்வ— [வேண்டாம். கொளஞ்சியப்பனிடம் அந்த பென் டிரைவ் இருக்கிறது, உடனே போட்டுவிடுவார்.]

ஆ. அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனைக் கடந்து போகிறாள். தூரத்தில் கல்வராயன் மலை மௌனமாக நின்றது. [இது பரிசு வாங்கும். ஆனால் மலை எங்கே மௌனமாக இருந்தது? மலைக்காரர்கள் ஜெயித்துவிட்டு டிரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.]

இ. ‘ஆரவாரக் குரல் கலவரம் மூட்டும், டல்லான குரலே உண்மை பேசும்’ என்ற நீதி. [இதை நான் எழுதலாம் என்றுதான் இருந்தேன். மேஜைக்குக் கீழிருந்து தவழ்ந்து வெளியே வந்த தமிழழகன் எடுத்துக்கொண்டார். போன வாரம் திருநாவலூரில் ஒரு மேடையில் சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். சிங்கத்தோடு அய்யப்பன் படத்தையும் சேர்த்துப் புது ஃப்ளெக்ஸ் தயாராகிறது.]

எனக்கு நிஜமாகத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் மேஜைக்கு வந்தாள்.

“இதுல எது சுச்சி?” என்று கேட்டாள். அது மட்டும் நான்கு குழாயிலும் கேட்டது.

அய்யப்பன் காட்டினான். அவள் அணைத்தாள். குழாய்கள் செத்தன. பிறகு அவள் பேசினாள். விரலை நீட்டி நீட்டிப் பேசினாள். அவன் ஏதோ சொன்னான். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாடியில் மூடியதே, அதே மாதிரி. இந்த முறை அவன் நிழலுக்கு நகரவில்லை.

அப்போது ராமசாமி வேனிலிருந்து ஹாரன் அடிக்கச் சொன்னார். அவள் போய்விட்டாள்.

மருந்துக் கடைக்கு மறுபடி இருமிக்கொண்டு போனேன். தேவிப்ரியா லீவு. சங்கவியிடம் கேட்டேன்.

“நான் தூரமா இருந்தன் சார். வாயப் பாத்தா டல்லுன்னு சொன்ன மாதிரிதான் இருந்துச்சி. ஆனா பல்லெல்லாம் தெரிஞ்சிது.” மாத்திரையை எண்ணி உறையில் போட்டாள். “உங்களுக்கு இருமலா, இல்ல கததான் வேணுமா?”

விட்டேனா? வடக்கனந்தலுக்கே போனேன். அய்யப்பன் கரும்பு வரப்பில் உட்கார்ந்து ஒரு டியூபை ஊதிக்கொண்டிருந்தான்.

“தேவிப்ரியா இன்னா சொன்னாங்க?”

“சொன்னாங்க.”

“இன்னான்னு?”

“அது மைக்ல சொல்றதுக்கு இல்லிங்க.”

“நான் மைக்கு இல்லப்பா. எழுத்தாளன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தான். “ஜாஸ்தி வித்யாசம் இல்லிங்களே” என்றான்.

அடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். வரப்பில், அவன் காலடியில், ஒரு கிழிந்த மஞ்சள் தாவணித் துண்டு.

“யாரோட டியூபு இது?”

“களமருதூர்துங்க. அவங்கப்பா குடுத்தனுப்பனாரு. தொறந்து எடுத்தாரச் சொல்லி.”

“டியூபு மட்டும்தான் குடுத்தனுப்பனாரா? வேற சேதி ஒண்ணும் இல்லியா?”

அவன் டியூபின் முனையைத் துடைத்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. குரலிலும் இருந்திருக்காது. ஒருவேளை ராமசாமிக்கு வேண்டியது டியூப் மட்டும்தானோ? தோற்றுப்போன மகனைப் பெற்றவர், ஓசியில் ஒரு வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தாரோ? இல்லை, அந்தப் பக்கத்தில் சம்மதத்தை இப்படித்தான் சொல்லி அனுப்புவார்களோ? எனக்கு இதில் அனுபவம் கம்மி. உங்களுக்கு இருக்கலாம்.

அவன் மறுபடி வாயை வைத்து ஊதினான். மறுமுனையிலிருந்து காற்று ‘பூ...ம்’ என்று வந்து கரும்புத் தோகையை ஆட்டியது. அடைப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. நான் சாலை ஏறித் திரும்பிப் பார்க்கும்போதும் அவன் ஊதுவதை நிறுத்தவில்லை.

இதோ, என் பக்கத்துச் சுச்சியையும் அணைத்துவிட்டேன். இனி நீங்கள் அவனிடம் கேட்டுப் பாருங்கள்.